தாராளம் மார்ட்டில் உட்கார்ந்தவர்கள்

சிதம்பரத்தில் ஆரோக்கிய ஜெனிபரின் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலை அறியாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். வண்டிகேட்டைத் தாண்டிச் சாலையோரத்தில் கல்யாண மண்டபம் போல எழும்பி நின்ற தாராளம் மார்ட்டுக்குள் போன யாரும் அந்தக் குரலைக் கேட்காமல் திரும்பியதில்லை. "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் தள்ளுவண்டிகள் தாமாகவே மெதுவாகும். எண்ணெய்க்கு என்ன தள்ளுபடி, குக்கரோடு என்ன இலவசம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

அவள் கடலூர் முதுநகர்க்காரி. தினமும் ரயிலில் வந்து போனாள். புருஷன் ஜேக்கப்புக்குத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. மகளை அம்மா ஜோதி மேரி பார்த்துக்கொண்டாள். திருவிழா நாட்களில் மாதா கோயிலில் வாசகம் வாசிப்பேன் என்று அவள் சொன்னதைக் கேட்டுத்தான் கிளை மேலாளர் இளவரசு மைக்கை அவளிடம் கொடுத்திருந்தான்.

மைக்கோடு ஒரு நாற்காலியும் கிடைத்தது. கடை முழுக்க இருந்த ஒரே நாற்காலி அதுதான். மற்ற பெண்கள் ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை நிற்க வேண்டும். பில் போடுகிறவர்களும் நின்றுகொண்டுதான் போட வேண்டும். ஆட்கள் உட்கார்ந்திருந்தால் கடையே தூங்கி வழிவதுபோல இருக்கிறது என்பது தலைமை அலுவலகத்தின் எண்ணம். சென்னையில் யாரோ ஒருவர் கேமரா திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது ரேக்கில் சாய்ந்தால் இளவரசுவுக்குப் போன் வரும்.

ஸ்டூல் இல்லாமல் இல்லை. தொழிலாளர் துறையிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த அன்று சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒன்று வைத்தார்கள். அதிகாரி பார்த்தார், தலையாட்டினார், போனார். அவர் ஜீப் மறைந்ததும் ஸ்டூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடங்குக்குள் போய்விட்டன. கிடங்குக்குப் பூட்டும் போட்டார்கள். பெண்கள் அவற்றுக்கு 'ஆபீசர் ஸ்டூல்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

நாலாம் கவுண்டர் சத்யப்பிரியாவுக்கு அந்த வைகாசியில் சிரிப்பு வரவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள். வெயிலும் நிற்பதும் சேர்ந்து இரண்டு காலும் வீங்கி, சாயங்காலமானால் செருப்பு நுழையாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் இளவரசுவிடம் போய்க் கேட்டாள்.

"சார், எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் குடுங்க சார். பில்லு ஒண்ணும் லேட்டாவாது."

"உனக்கு ஒண்ணு குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்மா. முடியலன்னா வீட்ல இரு. நான் உன்னைப் போவச் சொல்லல. நீயா முடிவு பண்ணிக்க."

அதுதான் அந்தக் கடையின் வழக்கம். பிள்ளைத்தாய்ச்சிகளை யாரும் வேலையை விட்டு நீக்க மாட்டார்கள். நிற்க வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் அவர்களே வருவதை நிறுத்திவிடுவார்கள். பிரசவ விடுப்பு என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. அப்படி வராமல் போனவர்களின் பெயர்கள் ஜெனிபருக்குத் தெரியும். மாரியம்மாள் போனாள், பாத்திரப் பகுதியில் இருந்த தங்கம்மாள் போனாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை, கடை திறந்த சற்று நேரத்தில், ஜெனிபர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நாலாம் கவுண்டருக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காருடி."

சத்யப்பிரியா கேமராவை அண்ணாந்து பார்த்தாள். "அக்கா, மேல பாக்குறாங்கக்கா."

"பாக்கட்டும். உக்காரு."

மதியச் சாப்பாடுவரை சத்யப்பிரியா உட்கார்ந்துதான் பில் போட்டாள். வரிசை எப்போதும்போலவே நகர்ந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது நாற்காலியைக் காணோம். இளவரசு மைக் மேசைக்கு வந்தான்.

"உங்களுக்கும் நாற்காலி வேணாம் போலருக்கு. சரி, நீங்களும் நின்னுகினே பேசுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் ஜேக்கப் கேட்டதும் வெடித்தான். "அவ பாட்ட அவ பாத்துப்பா. உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? நல்லா உக்காந்துகினு இருந்த வேலய நீயே கெடுத்துகினு வந்து நிக்கிற."

"நாற்காலி போனதப் பத்தி இல்லங்க. நான் குடுத்தத அவகிட்டருந்து புடுங்கினாங்க பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

"தாங்கித்தான் ஆவணும். அவ்ளோ பெரிய கம்பெனிய நீ இன்னா பண்ணிடுவ?"

ஜெனிபர் மகளுக்குச் சோறு பிசையப் போனாள். 

ஆனித் திருமஞ்சனம் வந்தது. தேர் பார்க்க வந்த கூட்டத்தில் சிதம்பரம் பிதுங்கியது. தாராளம் மார்ட் 'தேர்த் திருவிழாத் தள்ளுபடி' என்று சாலையை மறைத்துத் தட்டி வைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே கால் வைக்க இடமில்லை. யாருக்கும் விடுப்பு கிடையாது, சத்யப்பிரியாவுக்கும் கிடையாது. அவள் ஒரு கையால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பொருட்களை இழுத்து பில் போட்டாள். முகமெல்லாம் வியர்வை. வரிசை பருப்பு ரேக்வரை வளைந்து போயிருந்தது.

வரிசையின் முன்னால் தில்லையம்மாள் நின்றாள். புவனகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவள். கூடை நிறையச் சாமான்.

"ஏம்மா, தேரே நெலைக்கி வந்துடும் போலருக்கு, நீ இன்னும் மூணு சாமானத் தாண்டலயே," என்று அவள் சத்தம் போட்டாள்.

சத்தம் கேட்டு இளவரசு ஓடிவந்தான். சத்யப்பிரியாவிடம் என்ன ஏது என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிறாற்போல, "ஒழுங்கா பில் போட முடியுமா முடியாதா? முடியலன்னா இப்பவே எறங்கிப் போ. வேற ஆள் நிக்குது," என்றான்.

சத்யப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பொருளை எடுத்தாள். பாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க அவளால் முடியவில்லை.

ஜெனிபர் அப்போது குக்கர் தள்ளுபடியை அறிவிக்க மைக்கைக் கையில் எடுத்திருந்தாள்.  வாயைத் திறந்தபோது குரல் எப்போதும்போல நிதானமாக, இனிமையாகவே வந்தது.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. நாலாம் கவுண்டரில் உங்களுக்கு பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைத்தாய்ச்சி. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். இந்தக் கடையில் வேலை செய்யும் நாங்கள் எல்லோருமே நின்றுகொண்டுதான் இருக்கிறோம். எங்களுக்கு உட்கார ஸ்டூல் இருக்கிறது. அதைக் கிடங்கில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இப்போது நாங்கள் அதை எடுத்து வரப் போகிறோம். பில் போடச் சற்றுத் தாமதமாகும். பொறுத்துக்கொள்ளவும். நன்றி."

இளவரசு பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்கினான். அதோடு காலை முதல் ஓடிக்கொண்டிருந்த விளம்பரப் பாட்டும் நின்றது. பாட்டு நின்றதும் கடைக்குள் இருந்தவர்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்க ஆரம்பித்தது.

"இதுக்கு நம்ம இன்னா பண்றது? புடிக்கலன்னா வேற வேலைக்கிப் போவ வேண்டியதுதான," என்றான் ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்த ஒரு இளைஞன்.

அண்ணாமலை நகர்க் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் திரும்பினார். "நான் ஆபீஸ்ல உக்காந்துகினுதான் தம்பி வேல பாக்குறேன். என்ன யாரும் சோம்பேறின்னு சொல்லல. இந்தப் பொண்ண மட்டும் நிக்க வெச்சா எப்படி?"

"அது சரிங்க," என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. "இவுங்களுக்கு ஒண்ணொண்ணா செஞ்சிகினே போனா வெல ஏறிடும். வெல கம்மின்னுதான நம்ம இங்க வர்றோம்? எங்க பாட்ட யாரு பாக்குறது?"

தில்லையம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. "ஏன்டி, ஒரு பொண்ணு ஸ்டூல்ல உக்காந்தா பருப்பு வெல ஏறிடுமா? நானும் இவ்ளோ நேரம் திட்டிகினு இருந்தேன். வவுத்துப் புள்ளைன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிகினே நிக்க வெச்சவன என்னான்னு சொல்றது?" என்றவள், கூடையை வைத்துவிட்டு, கவுண்டருக்கு நேர் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இந்தப் பொண்ணு உக்கார்ற வரைக்கும் எனக்கு பில்லு வேணாம்."

"யம்மா, எழுந்திரிங்க. பின்னால ஆள் நிக்குது," என்றான் இளவரசு.

"நிக்கட்டும். நிக்கறது நல்லதுன்னுதான சொல்ற?"

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டிக்கொண்டே தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார்கள்.

அதற்குள் ஜெனிபர் கிடங்குப் பக்கம் நடந்திருந்தாள். பாத்திரப் பகுதியிலிருந்தும் துணிப் பகுதியிலிருந்தும் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கிடங்கு வாசலில் காவலாளி கலியமூர்த்தி நின்றார். புவனகிரிப் பக்கத்து விவசாயி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தொப்பியும் சீருடையுமாகக் கண்ணாடிக் கதவருகே நிற்க வந்தவர். கிடங்குச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"தெறந்துடுங்க மாமா."

"வேணாம்மா. என் வேலைக்கி உல வெச்சிடாத."

"நீங்க தெறக்கலன்னா நாங்க இங்கயே உக்காந்துடுவோம். உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கலியமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தார். "இந்தக் கடைக்கி வந்ததுலேருந்து என் முட்டியும்தான் போச்சு," என்று முனகிக்கொண்டே சாவியைத் திருப்பினார்.

ஸ்டூல்கள் தூசி படிந்து கிடந்தன. ஜெனிபர் எடுப்பதற்குள் கலியமூர்த்தி முதல் ஸ்டூலை உருவினார். அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து போய், கண்ணாடிக் கதவருகே போட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே வந்துகொண்டிருந்தவர்களுக்கு உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்தார்.

ஜெனிபர் நாலாம் கவுண்டருக்கு ஸ்டூலைக் கொண்டுபோனாள். சத்யப்பிரியா உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தில்லையம்மாளின் கூடையைப் பக்கத்தில் இழுத்து பில் போட ஆரம்பித்தாள். அடுத்த கவுண்டரும் உட்கார்ந்தது. அதற்கடுத்ததும். ஸ்டூல் கிடைக்காதவர்கள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். இளவரசுவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதைக் காதில் வைத்து, "சார்... பாக்குறேன் சார்... தெரியுது சார்," என்று சொல்லிக்கொண்டே கடை நடுவில் நின்றான். கவுண்டர் பக்கத்தில் ஊழியர்களில் நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை ஜெனிபரை உள்ளே விடவில்லை. கலியமூர்த்தியையும் விடவில்லை. அவர் இடத்தில் புது ஆள் நின்றுகொண்டிருந்தான். ஸ்டூல்கள் மட்டும் மறுபடி கிடங்குக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்ததால் அவற்றைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. மேல வீதி டீக்கடையிலும் ரயிலிலும் அதே பேச்சாக இருந்தது. முதுநகரில் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருத்தி ஜெனிபரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, "சோறு போட்ட கடையப் போயி இப்படிச் சந்தி சிரிக்க வெக்கலாமா?" என்றாள்.

"சோறு நான் வேல செஞ்சு சாப்புட்டது அக்கா. அவுங்க போடல," என்றாள் ஜெனிபர்.

ஜேக்கப் அருகில்தான் நின்றிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில், "தொழிலாளர் ஆபீஸ்ல புகார் குடுக்கணும்னா குடு. நானும் வர்றேன்," என்றான்.  

கடலூர்த் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்த நாளில் பெண்கள் சீருடையோடேயே ரயிலேறி வந்து வராந்தாவை நிறைத்துவிட்டார்கள். கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து அருண்குமார் என்ற அதிகாரி வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு.

"மேடம், ஸ்டூல் வாங்கிப் போட்டதே நாங்கதான். உக்காரக் கூடாதுன்னு கம்பெனி எங்கயும் சொல்லல. பூட்டி வெச்சது கிளை மேலாளரோட சொந்த முடிவு. அது எங்களுக்கே தெரியாது. ஆனா இவங்க அனுமதியில்லாம மைக்க எடுத்து வியாபாரத்தக் கெடுத்திருக்காங்க."

விசாரித்த பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கடைங்கள்ல உக்கார இடம் தரணும்னு சட்டமே இருக்கு. அது உங்களுக்குத் தெரியும்ல? சரி, இவங்களுக்கு இப்ப என்ன சொல்றீங்க?"

"மனிதாபிமான அடிப்படையில ஓசூர்க் கிளையில வேல தர்றோம். கடை விஷயத்த இனிமே யார்கிட்டயும் பேச மாட்டேன்னு எழுதிக் குடுத்தா போதும்."

ஜெனிபர் எழுந்தாள். "பேசுறதுக்குத்தான சார் எனக்கு நீங்க சம்பளமே குடுத்தீங்க? இப்ப பேச மாட்டேன்னு எழுதித் தரச் சொல்றீங்களே."

வராந்தாவில் சிரிப்பு வெடித்தது. அருண்குமாரின் காது சிவந்தது.

"ஓசூர் போவ மாட்டேன். எழுதியும் தர மாட்டேன்," என்றாள் ஜெனிபர். "சிதம்பரத்துல வேல குடுங்க. எனக்கும் கலியமூர்த்தி மாமாவுக்கும்."

அன்று முடிவு ஏற்படவில்லை. அடுத்த தேதி குறித்தார்கள்.

இடையில் ஒரு மாலை ஜெனிபருக்குப் போன் வந்தது. எடுத்தால் இளவரசு.

"ஜெனிபர், எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. நானாதான் பூட்டினேனாம். ராஜினாமா பண்ணச் சொல்றாங்க. நானும் மூட்ட தூக்கி மேல வந்தவன்தான்..."

அவன் குரல் உடைந்திருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நாலாம் கவுண்டர் முன்னால் அவன் கத்தியதும் நினைவில் இருந்தது.

"அவுங்க கட்டுறதுக்கு நீங்கதான சார் தலையக் குனிஞ்சி குடுத்தீங்க?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"வாங்க சார். வந்து நடந்தத நடந்தபடி சொல்லுங்க."

"சொன்னா வேல போயிடும்மா. வேற கடையிலயும் எடுக்க மாட்டான்."

"எனக்கும்தான் போச்சு. நான் இன்னா செத்தா போயிட்டேன்?"

அவன் வருவான் என்று அவள் நினைக்கவில்லை. அடுத்த தேதியில், எல்லாரும் உள்ளே போனபிறகு, வாசலில் ஹெல்மெட்டோடு நின்றான் இளவரசு. அருண்குமார் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

அதிகாரி கேட்க, இளவரசு சொன்னான். ஸ்டூலைப் பூட்டச் சொன்னது சென்னை. யாராவது உட்கார்ந்தால் போன் செய்தது சென்னை. பிள்ளைத்தாய்ச்சிகளை அவர்களாகவே போகும்படி பார்த்துக்கொள் என்று சொன்னதும் சென்னைதான். எல்லாக் கிளை மேலாளர்களுக்கும் அதே உத்தரவு. கடைசியில் அவன் சத்யப்பிரியா இருந்த பக்கம் திரும்பினான். "அத நான் செஞ்சேன். அது என் தப்புதான்," என்றான். சத்யப்பிரியா அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

அருண்குமார் வெளியே போய் நெடுநேரம் போனில் பேசினார். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் இளவரசு அங்கேயும் இதையே சொல்வான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. திரும்பி வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. சத்யப்பிரியாவுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு, கவுண்டருக்குக் கவுண்டர் இருக்கை, ஜெனிபருக்கும் கலியமூர்த்திக்கும் சிதம்பரத்திலேயே வேலை என்று ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, மைக்கை ஜெனிபரிடம் தர முடியாது.

"வெச்சிக்குங்க. எனக்கு அது இல்லாமயும் பேச வரும்," என்றாள் ஜெனிபர்.

இளவரசுவுக்கு வேலை போய்விட்டது. அவன் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். தாராளம் மார்ட்டின் மற்ற ஊர்க் கிளைகளில் பெண்கள் இன்னமும் நிற்கிறார்கள் என்றுதான் கேள்வி. விழுப்புரம் கிளையிலிருந்து ஒரு பெண் ஜெனிபரின் நம்பரை வாங்கிப் பேசினாள். அடுத்த வாரம் இன்னொருத்தி பேசினாள். மாதம் பிறந்ததும் எல்லாருமாகக் கடலூரில் கூடுவது என்று முடிவானது.

ஆவணியில் சத்யப்பிரியா விடுப்பில் போவதற்கு முந்தைய நாள், பெண்கள் சேர்ந்து சாப்பாட்டு இடைவேளையில் அவளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். கீழ வீதியில் கண்ணாடி வளையல் வாங்கினார்கள். ஜோதி மேரி எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் கட்டிக் கொடுத்திருந்தாள். கிடங்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, சந்தனம் பூசி, கைக்கு ஒருத்தியாக வளையல் அடுக்கினார்கள். தங்கம்மாளுக்கும் மாரியம்மாளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தங்கம்மாள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கலியமூர்த்தி வெற்றிலை வாங்கி வந்தார்.

சத்தம் கேட்டு, புதிதாக வந்திருந்த மேலாளர் எட்டிப் பார்த்தான். "என்னம்மா இது? கடைக்குள்ள இதெல்லாம் யாரு பண்ணச் சொன்னது? கேமராவுல தெரியுது."

"நல்லா தெரியட்டும் சார்," என்றாள் ஜெனிபர், கையில் சந்தனத்தோடு. "சாப்பாட்டு நேரம் எங்களுது. நீங்களும் வாங்க, சோறு இருக்கு."

அவன் மேலே இருந்த கேமராவைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், கதவைச் சாத்திக்கொண்டு போனான். தங்கம்மாள் அடுத்த வளையலை எடுத்து சத்யப்பிரியாவின் கையில் ஏற்றினாள். ஜெனிபர் இலையை விரித்து எல்லாருக்கும் சோறு போட ஆரம்பித்தாள்.